வாழைப்பூ வாளைப் பார்க்கப் போனது

தேனியில் 'உத்தமபாளையம்' என்று பலகை மாட்டிய பேருந்தில் ஏறினால் அது உத்தமபாளையத்துக்குத்தான் போகும். எந்த வழியாக என்று கேட்காமல் ஏறுகிறவள் மடச்சி. சின்னமனூர் வழியாகச் சுருக்கப் போய்ச் சேர வேண்டியவள், போடி, தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை என்று மலையடிவாரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மத்தியானத்துக்கு மேல்தான் போய் இறங்கினேன்.

"ஏறும்போதே ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா ஆத்தா?" என்றார் நடத்துநர்.

"பலகையில் போட்டால் என்ன குறைந்துவிடும்?" என்றேன்.

"போட்டுத்தான கெடக்கு!"

போடியில் வண்டி நின்றபோது இறங்கிப் போய்ப் பார்த்தேன். போட்டுத்தான் இருந்தது, சின்ன எழுத்தில், கண்ணாடியின் ஓரத்தில். எனக்குப் பிழைப்பே சின்னதைப் பார்ப்பது. பழம்பொருள் புத்தகங்களுக்குக் கோட்டுப்படம் வரைகிறேன். அதிலும் இருபது வருடமாக வாள்பிடிகள். கடுகளவு பூவேலையை லென்ஸ் வைத்து எண்ணி வரைகிறவளுக்குப் பேருந்துப் பலகை தெரியவில்லை என்று யாரிடம் சொல்வது?

எதற்கு இந்தப் பக்கம் வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். போன வருடம் கொழும்புக்குப் போயிருந்தேன், அங்கே ஒருவர் சேர்த்து வைத்திருக்கும் வாள்களை வரைய. சிங்கள வாள்களின் பிடியில் சிங்கத்தலை இருக்கும். அதற்குச் சிவப்புக் கல்லில் கண் வைத்திருப்பார்கள். நம் பக்கத்து வாள்களில் கிளி, அன்னம், யாளி. தக்காணத்துச் சுல்தான்களின் குத்துவாள்களிலும் கிளித்தலை உண்டு. விரல்களைக் காக்கிற வளைவு போர்த்துக்கீசியரைப் பார்த்து வந்ததா, இங்கிருந்தே கிளம்பியதா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். ஊர் திரும்பியதும் இதையெல்லாம் ஒரு பத்திரிகையில் எழுதினேன். கூடவே இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பள்ளிவாசலில் இருக்கும் வாளின் பிடியையும் வரைந்து போட்டேன். நேரில் பார்த்து அல்ல, ஒரு கல்லூரி ஆசிரியர் அனுப்பிய மங்கலான புகைப்படத்தைப் பார்த்து.

பிடியின் உச்சியில் இருந்த குமிழ் அந்தப் படத்தில் வழவழவென்று ஒரு முண்டாகத்தான் தெரிந்தது. கிளி என்று என் கை சொல்லிற்று. இத்தனை வருடம் வரைந்த கை அல்லவா, அதற்குத் திமிர். மூக்கை வளைத்து, கண்ணை வைத்து, கீழே 'கிளித்தலை' என்று எழுதியும் விட்டேன்.

மூன்று மாதம் கழித்து அந்த ஊர் முத்தவல்லி, அதாவது பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கிறவர், தொலைபேசியில் கூப்பிட்டார்.

"நீங்கதான் படம் போட்ட அம்மாவா? நாங்க எங்க பாட்டுக்கு இருந்தோம். ஒங்க படம் வாட்சப்புல வந்து, இப்ப ஊரு ரெண்டு பட்டுக் கெடக்கு. நேர்ல வந்து பாத்துட்டு உள்ளதச் சொல்லிட்டுப் போங்க."

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முன் இமாம், ஊரார் வாயில் ஹஜரத்து, மேடையேறிக் குத்பா, அதாவது பிரசங்கம், சொல்வார். மேடையேறும்போது பாங்கு சொல்கிற மோதினார் ஒரு வாளை எடுத்து அவர் கையில் கொடுப்பார். முடியும்வரை இமாம் அதை ஊன்றிக்கொண்டு நிற்பார். சில ஊர்களில் வெறும் கோல், சில ஊர்களில் மரவாள். இங்கே நிஜ வாள். குமிழ் தலைகவிழ்ந்து இருப்பதால் ஊரில் அதற்கு வாழைப்பூ வாள் என்று பெயர். என் படம் வந்த பிறகுதான் வாழைப்பூ பறவையாயிற்று. உயிருள்ளதன் உருவம் தொழுகிற இடத்தில் ஆகாது, குமிழை அறுத்துவிடுவோம் என்று ஒரு கட்சி. காலங்காலமாக இருப்பதில் கைவைக்காதே என்று இன்னொரு கட்சி. வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். லேத் பட்டறையில் சொல்லியும் வைத்தாயிற்றாம்.

கண்ணை வைத்தவள் நான். போய் எடுக்க வேண்டியவளும் நான்தானே.

போடியில் ஏலக்காய் வாசனையோடு இரண்டு மலையாளிகள் ஏறி எனக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். நான் சும்மா இருக்காமல் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு மலையாளம் புரியாது என்று நினைத்துவிட்டார்கள்.

"இந்த அம்மா பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு என்ன பண்ணுகிறாள்?" என்றார் ஒருவர்.

"வைரம் வாங்க வந்திருப்பாள்."

"வைரம் வாங்குகிறவள் டவுன் பஸ்ஸிலா வருவாள்?"

"அப்படியானால் விற்க வந்திருப்பாள்."

திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். தேவாரம் வரைக்கும் இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை.

கோம்பையில் சக்கரத்தில் காற்றுப் போயிற்று. மாற்றும்வரை ஒரு வீட்டு வேப்ப மரத்தடியில் ஒதுங்கினேன். செம்பழுப்பு உடம்பும் கரிய மூஞ்சியுமாக அங்கே ஒரு நாய் படுத்திருந்தது. குரைக்கவில்லை, எழுந்திருக்கக்கூட இல்லை, பார்த்தது, அவ்வளவுதான். நான் பேசாமல் வெயிலுக்கே வந்துவிட்டேன். குரோம்பேட்டையில் எங்கள் தெரு நாய்கள் குரைத்துத் தீர்த்துவிட்டு வாலாட்டும். இதற்கு அந்த நாடகமெல்லாம் தெரியாது போலிருக்கிறது.

உத்தமபாளையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து அந்த ஊருக்குப் போனேன். முத்தவல்லி சையது இப்ராகிம் அங்கே தேங்காய் மண்டி வைத்திருக்கிறார். நெட்டையான மனிதர், பேச்சு மட்டும் குட்டை. வீட்டில் நெய்ச்சோறும் தால்ச்சாவும் காத்திருந்தன. நான் உட்கார்ந்ததும் வாளைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன்.

"மொதல்ல சாப்டுங்க," என்றார் அவர் மனைவி. "சண்ட எங்கயும் போயிறாது."

மூன்று முறை தால்ச்சா கேட்டு வாங்கினேன் என்பதைப் பதிவு செய்கிறேன். சென்னையில் தால்ச்சா என்ற பெயரில் ஊற்றுவது சாம்பாரின் தம்பி. இதில் எலும்பின் சாறு இறங்கி, மாங்காயின் புளிப்பு ஏறியிருந்தது. சாப்பிட்டு முடிக்கும்போது எனக்கு வந்த வேலையே கொஞ்சம் மறந்துபோயிற்று.

மறுநாள் வியாழன் காலை. பள்ளிவாசலை ஒட்டிய ஜமாத் அலுவலகத்தில் மேஜைமேல் பச்சைத் துணியை விரித்து மோதினார் வாளை வைத்தார். முத்தவல்லி இருந்தார், ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எனக்கு எதிர் நாற்காலியில் சாகுல் உட்கார்ந்திருந்தான். முப்பது முப்பத்திரண்டு வயது, பேருந்து நிறுத்தத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். அறுக்க வேண்டும் என்கிற கட்சிக்கு அவன்தான் வாய்.

வாளைப் பார்த்ததும் எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது. நேரான, மூன்று பள்ளம் ஓடிய ஐரோப்பிய இரும்பு. கப்பலில் வந்த சரக்கு. விரல் காக்கும் வளைவு தக்காணத்து ஆகிருதி. பிடியில் ஓடிய கொடி அசல் தஞ்சாவூர்ப் பக்கத்து வேலை. வெள்ளைக்காரன் ஊர்க் கத்திக்குத் தமிழ்நாட்டு ஆசாரி பிடி போட்டு, அது ஒரு பள்ளிவாசலில் வந்து நிற்கிறது. குமிழோ, தலைமுறை தலைமுறையாக இமாம்களின் உள்ளங்கை அழுந்தி அழுந்தி, கூழாங்கல்லாகத் தேய்ந்திருந்தது. மூக்கு இருந்த இடம் மொழுக்கை. கண் இல்லை.

லென்ஸைக் கீழே வைத்தேன். "இது ஒருகாலத்தில் பறவையாக இருந்திருக்கும். இப்போது முகம் இல்லை. கண்ணும் மூக்கும் நானாகப் போட்டவை. பார்க்காமல் போட்டேன். தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள்," என்றேன்.

முத்தவல்லி பெருமூச்சு விட்டார். "ஹஜரத்துகிட்ட அன்னைக்கே கேட்டுட்டேன். மொகம் தெரியலேன்னா போதும்னு சொன்னாக. என்ன சாகுலு?"

சாகுல் வாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "கண்ணு இல்லேன்னா எனக்கு ஒண்ணும் இல்ல மாமா. நான் என்ன வாளுக்கு எதிரியா?"

தீர்ந்தது. டீ வந்தது. எல்லோரும் குடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் குடித்துவிட்டு எழுந்திருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது.

குமிழின் வலப்பக்கம் மிளகு அளவில் ஒரு கறுப்புப் புள்ளி. அழுக்கு என்று நினைத்தேன். பழைய பொருளில் அழுக்கைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. பையில் எப்போதும் மூங்கில் குச்சி வைத்திருப்பேன். எடுத்து நுனியால் லேசாக நெம்பினேன். கறுப்பு உருண்டை ஒன்று தெறித்து மேஜையில் விழுந்தது. உள்ளே சிவப்பு. நல்ல, ஈரமான, மாதுளை முத்துச் சிவப்பு. ஜன்னல் வெளிச்சம் பட்டதும் பளிச்சென்று அது எங்களைப் பார்த்தது.

பத்துப் பேர் முன்னால் நானே கண்ணைத் திறந்துவிட்டேன்.

"யா அல்லாஹ்," என்றார் மோதினார்.

"கண்ணு இல்லேன்னீகளே மேடம்?" என்றான் சாகுல். சத்தமே போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

எனக்கு என் மேலேயே வந்த ஆத்திரத்தை அவன் மேல் காட்டினேன். சுல்தான்களின் குத்துவாள், கிளித்தலை, மரகதக் கண் என்று அடுக்கினேன். "அவர்களெல்லாம் முஸ்லிம் இல்லையா? நீதான் பெரிய மார்க்கம் தெரிந்தவனா?" என்றுகூடக் கேட்டுவிட்டேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

"அவுக அரமனைல வச்சிருந்தாக," என்றான் நிதானமாக. "இது பள்ளிவாசல்."



வெளியே யாரோ பட்டறைக்கு ஆள் அனுப்பப் பேசுவது காதில் விழுந்தது.  நாளைக்குள் அந்தத் தலை போய்விடும், காரணம் என் கை அரிப்பு. தெறித்து விழுந்த உருண்டையை எடுத்துப் பார்த்தேன். அழுக்கு என்றால் பொடியும், இது பொடியவில்லை. அடிப்பக்கம் கல்லின் அச்சு வழவழவென்று பதிந்திருந்தது. யாரிடமோ லைட்டர் வாங்கி ஓரத்தில் காட்டினேன். உருகியது. அந்த வாசனையை நகைப்பட்டறையில் பழகிய எவரும் சொல்லிவிடுவார்.

"அரக்கு," என்றேன். "இது தானாகச் சேர்ந்தது இல்லை. யாரோ காய்ச்சி ஊற்றி அடைத்திருக்கிறார்கள். மறுபக்கமும் பாருங்கள்."

மறுபக்கமும் கறுப்புப் புள்ளி இருந்தது. இந்த முறை குச்சியை எடுக்கவில்லை. லென்ஸை முத்தவல்லியிடம் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு சாகுலிடம் கொடுத்தார்.

"அப்ப இதே ரோதன அவுகளுக்கும் வந்திருக்கு," என்றார் முத்தவல்லி மெதுவாக. "அந்தக் காலத்துல அரம் இல்லாமயா இருந்துச்சு? அறுக்கலையே. மூடிட்டுல்ல போயிருக்காக."

சாகுல் லென்ஸில் இருந்து கண்ணை எடுக்கவே இல்லை. பார்த்தபடியே, "திருப்பி மூட முடியுமா?" என்றான்.

"முடியும்."

"ஒழுங்கா? வெயில்ல உருகாம?"

"அவர்கள் மூடியது இத்தனை காலம் நின்றிருக்கிறதே."

"அப்ப நீங்களே மூடுங்க. தொறந்தது நீங்கதான?"

அரக்குக்கு உத்தமபாளையம் கடைவீதியில் ஒரு நகை ஆசாரியிடம் போக வேண்டும். சாகுலே பைக்கில் ஏற்றிக்கொண்டான். இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல், தென்னை, மலைக்காற்று. ஐம்பத்தாறு வயதில் பைக்கின் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தேன். வேகத்தடையில் அவன் மெதுவாக்கவில்லை. எருமைக்கு மட்டும் நின்றான்.

"காலைல கத்திட்டேன். மனசுல வச்சுக்காதப்பா," என்றேன் முதுகைப் பார்த்து.

"அட, அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம்." கொஞ்ச தூரம் போனதும் அவனாகவே பேசினான். "சின்னதுல இருந்து குத்பா கேக்கும்போது அந்த வாளத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். அங்கன ஒரு எடத்துல கண்ணு நின்னா மனசு நிக்கும். ஒங்க படம் வந்த பெறகு, பாத்தா கிளிதான் தெரியுது. ஹஜரத்து என்ன சொன்னாகன்னு வெளிய வந்து யோசிச்சா ஒண்ணுமே ஞாபகம் இல்ல. நாலு வெள்ளிக்கெழம இப்படியே போச்சு. அதான் அறுத்துருவோம்னேன்."

நான் ஏதோ மதச்சண்டை என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். ஒருத்தன் நிம்மதியாகத் தொழ முடியாமல் தவித்திருக்கிறான், அதற்குக் காரணம் என் பேனா. கன்னத்தில் அறைந்தமாதிரி இருந்தது.

மத்தியானம் அலுவலகத்தில் வேலையை ஆரம்பித்தேன். மூடுவதற்கு முன் ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். முத்தவல்லி தலையசைத்தார். போனை லென்ஸோடு சேர்த்துப் பிடித்து எடுத்தேன். எடுத்ததைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கல்லுக்கடியில் பொன்தகடு வைத்து, விளிம்பைப் பல் பல்லாக மடக்கிக் கல்லைப் பிடித்திருந்த விதம், நான் கொழும்பில் சிங்கத்தின் கண்ணில் பார்த்த அதே விதம். இலங்கைக் கைவேலை தமிழ்நாட்டுக் கிளிக்குக் கண் வைத்திருக்கிறது. வாள்பிடிகளைப் பற்றி நான் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். கடல் தாண்டி ஆசாரிகள் போய் வந்தார்கள் என்று அதில் ஒரு அத்தியாயம் முழுக்க அடித்துச் சொல்லியிருக்கிறேன், கையில் ஒரு ஆதாரமும் இல்லாமல். இப்போது ஆதாரம் போனில் இருந்தது.

பிறகு அரக்கைக் காய்ச்சி, குச்சி நுனியில் எடுத்து, சொட்டு வைத்து, ஈரத்துணியால் அழுத்தி வழித்தேன். வாழ்நாள் முழுக்க மூடியதைத் திறக்கிற வேலை செய்தவள் முதல்முறையாகத் திறந்ததை மூடினேன்.  மோதினார் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பழையபடி ஆயிருச்சு," என்றார்.

வெள்ளிக்கிழமை தெருவுக்கு எதிர்ப்பக்கம் முத்தவல்லியின் மண்டியில் தேங்காய்க் குவியலுக்கு நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒலிபெருக்கியில் குத்பா கேட்டது. எனக்குப் புரிந்தது பாதி. அண்டை வீட்டாரைப் பற்றி இமாம் ஏதோ சொன்னார். அவர் நிறுத்துகிற இடங்களில் எல்லாம் கை வாளின் மேல் எங்கே இருக்கும் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். புது அரக்கு உள்ளங்கைச் சூட்டில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால்? வியர்த்துவிட்டது.

தொழுகை முடிந்து கூட்டம் வெளியே வந்தது. சாகுல் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே மண்டிக்கு வந்தான். முகம் கழுவினாற்போல் இருந்தது.

"அண்டவீட்டுக்காரன் பசியோட இருக்கையில நாம வயிறு நெறயக் கூடாதுன்னு சொன்னாக," என்றான். "முழுசாக் கேட்டேன் மேடம்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இரப்பா, ஒரு இளநி குடி," என்றேன், ஏதோ என் மண்டி மாதிரி.

அவன் உட்காரவில்லை. "மூடுறதுக்கு முன்னாடி ஒரு படம் எடுத்தீகள்ல? அதக் காட்டுங்க."

காட்டினேன். கடைக்காரன் அல்லவா, இரண்டு விரலால் பெரிதாக்கி, நகர்த்தி, வெயிலுக்கு மறைத்துப் பிடித்து, ஒரு மூலை விடாமல் பார்த்தான்.

"நல்லா இருக்கு," என்றான் கடைசியில். "செஞ்சவன் கெட்டிக்காரன்." போனை என்னிடம் நீட்டினான். "அழிச்சிருங்க மேடம்."

"என்னப்பா சொல்கிறாய்? என் புத்தகத்துக்கே இது ஒன்றுதான் ஆதாரம்."

"எழுதுறத எழுதுங்க. ஊரு பேரு மட்டும் வேணாம். எழுதுனத எவனும் ஃபார்வர்ட் பண்ண மாட்டான். படந்தான் பரவும். நாளப்பின்ன இன்னொருத்தன் இதப் பாத்துட்டு அரத்தத் தூக்கிக்கிட்டு வருவான். அன்னைக்கு நானும் இருக்க மாட்டேன், நீங்களும் இருக்க மாட்டீக. யாரு வந்து மூடுவாக?"

வாதாடப் பார்த்தேன். ஊர்ப் பெயர் போடாமல், வாளைச் சொல்லாமல், கண்ணை மட்டும் வெட்டிப் போட்டால்? சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது, போன தடவையும் நான் ஊர்ப் பெயர் போடவில்லை. முத்தவல்லி தூரத்தில் தேங்காய் எண்ணுகிறவர்போல் நின்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். 

அவன் கண் முன்னால் அழித்தேன். கோபத்தோடுதான் அழித்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

"குப்பைக்குள்ள முப்பது நாள் கெடக்கும்," என்றான் சாகுல். "எனக்குத் தெரியாதா, எந்தொழிலே அதான். அதையும் அழிங்கன்னு நான் கேக்க மாட்டேன். அது ஒங்க இஷ்டம்." சலாம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான்.

குரோம்பேட்டைக்கு வந்த பிறகு தினமும் ஒரு தடவை அந்தக் குப்பையைத் திறந்து பார்த்தேன். படத்தின் மேல் இன்னும் எத்தனை நாள் என்று எழுதியிருந்தது. இருபத்தாறு. பத்தொன்பது. ஏழு. புத்தகம் போடுகிற பதிப்பாளர் இரண்டு முறை கூப்பிட்டார். அந்த அத்தியாயத்துக்கு ஆதாரப் படம் கிடைத்ததா என்றார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

ஒரு நாள் மீதி இருக்கும்போது, மீட்கிற பொத்தானுக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. அந்தப் பிள்ளை அதையும் அழி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், வீம்புக்கே மீட்டிருப்பேன். அவன் கேட்காமல் போய்விட்டான்.

மறுநாள் காலை திறந்தேன். காலியாக இருந்தது. உட்கார்ந்து அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு பதிப்பாளரைக் கூப்பிட்டு, படம் எதுவும் இல்லை, நான் என் கண்ணால் பார்த்தேன், அவ்வளவுதான் என்று சொன்னேன். அப்படியானால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டார். எடுத்துவிடுங்கள் என்றேன்.